ஒலிநூல் வாசிப்பில் மாத்திரையும் மெய்ப்பாடும்

தமிழ் ஒலிநூல்கள் குறித்த மதிப்பீடுகள் பெரும்பாலும் குரலின் இனிமையோடு நின்றுவிடுகின்றன. எங்கே நிறுத்துவது, எங்கே விரைவது என்னும் வாசிப்புக் கதி தனி ஆய்வுப்பொருளாவது அரிது. கேட்பவர் கதைமாந்தரோடு ஒன்றுவதும் விலகுவதும் பெரிதும் அக்கதியைச் சார்ந்தவை. ஆதலின், அதனை ஆராய்வது தமிழ்த்துறைகளின் கடமையாகிறது.

சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931 முதல் மின்தொடர்வண்டி இயங்குகிறது. ஏறத்தாழ ஒரு மணி நேரம் நீளும் இத்தகைய பயணங்கள் ஒலிநூலுக்கு வாய்ப்பான பொழுதுகள். எனினும் குரோம்பேட்டை, பல்லாவரம் என நிலையந்தோறும் எழும் இரைச்சல் கேட்பைத் துண்டாடுகிறது. அச்சுநூலில் கண் எளிதில் முன்வரிக்குத் திரும்பும். செவிக்கு அவ்வெளிமை இல்லை.

தமிழ்த்தொடரின் அமைப்பு இச்சிக்கலை மிகுவிக்கிறது. வினையெச்சங்கள் அடுக்கி வர, முற்றுவினை இறுதியில் நிற்கும். செயல் நிகழ்ந்ததா இல்லையா என்பதுகூட அம்முற்றில்தான் தெளிவாகும். எச்சந்தோறும் ஒரே அளவில் நிறுத்தினால் முற்று வருமுன் பொருள் சிதறும். எங்கும் நிறுத்தாது விரைந்தால் நிகழ்வுகளின் வரிசை மங்கும்.

கண்ணிமையையும் கைந்நொடியையும் மாத்திரைக்கு அளவாக்கிய தொல்காப்பியம், காலத்தை ஒலியின் இயல்பாகவே கண்டது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, குற்றியலுகரத்துக்கு அரை. செயலியில் ஒலிநூலை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டாலும் இவ்விகிதம் மாறாது. ஆகவே சொற்கள் விளங்குகின்றன. ஆனால் மூன்று நொடி மௌனம் இரண்டு நொடியாகச் சுருங்குகிறது. கேட்பவரிடம் மெய்ப்பாடு தோன்றுவதற்குரிய காலம் அம்மௌனமே. பார்வையற்ற மாணவர் பாடநூலை விரைவாகக் கேட்பது கல்வித்தேவை. அதில் குறை காண இடமில்லை. ஆயின் செய்திக்குப் போதிய வேகம் அழுகைக்கும் அச்சத்துக்கும் போதும் எனக் கொள்வது பொருந்தாது.

கதி பிரதிக்குப் பிரதி வேறுபடும். பாம்பே கண்ணன் உருவாக்கிய ‘பொன்னியின் செல்வன்’ ஒலிநூல் பல நடிகர்களின் குரல்களைக் கொண்டது. 1950–54இல் வார இதழில் தொடராக வந்து, அத்தியாய இறுதிதோறும் எதிர்பார்ப்பை வளர்த்த நாவலுக்கு அந்நாடகப்பாங்கு இசைகிறது. பூமணியின் ‘வெக்கை’ (1982) அவ்வாறன்று. அதன் துயரம் பெரிதும் சொல்லாமல் விடப்பட்ட இடங்களில் உறைகிறது. அவ்விடங்களைப் பின்னணி இசையால் நிரப்புவது, பிரதி காத்துவைத்ததைக் கலைப்பதாகும். அதன் கரிசல் உரையாடலும் தனக்குரிய நடையில் ஒலிக்க வேண்டுமேயன்றிச் சென்னைப் பேச்சின் விரைவில் அன்று.

இவற்றைச் சோதித்தறிதல் கடினமன்று. தாம்பரத்தில் 1937 முதல் இயங்கும் சென்னைக் கிறித்தவக் கல்லூரி போன்ற நிறுவனங்களின் தமிழ்த்துறைகள், ஒரே சிறுகதையை வெவ்வேறு கதிகளில் பதிவுசெய்து, நிறுத்தங்களை அளந்து, கேட்போர் உணர்ந்தவற்றை ஒப்பிடலாம். செயற்கைக் குரல்கள் பெருகிவரும் இக்காலத்தில் அத்தகைய அளவுகள் இன்றியமையாதவை.

ஓலைச்சுவடிகளில் நிறுத்தக்குறிகள் இல்லை. சொல்லை எங்கே பிரிப்பது, தொடரை எங்கே முடிப்பது என்று தீர்மானித்தே உரையாசிரியர்கள் பொருள் கண்டனர். ஒலிநூல் வாசிப்பவரும் நிறுத்தந்தோறும் அப்பணியையே செய்கிறார். அவருடைய வாசிப்பை ஓர் உரையாகக் கருதி, உரைக்குரிய கண்டிப்போடு ஆராய்வதே தகும்.