பதினெட்டு அங்குலமும் பத்தாண்டுச் சிறையும்

(இளங்கலை மூன்றாம் ஆண்டு, அரசியல் அறிவியல்)

சென்ற பருவத்தில் ஒருநாள், ஒப்பீட்டு அரசியலமைப்பு வகுப்பில் எங்கள் பேராசிரியர் ஒரு வினாவை எழுப்பினார். "ஒருவரிடம் ஒரு துப்பாக்கி இருக்கிறது. அது சட்டப்படி அவருடையதே. ஒருநாள் அதன் குழலில் ஓர் அங்குலத்தை அறுத்துவிடுகிறார். அவர் யாரையும் சுடவில்லை, மிரட்டவும் இல்லை. அவருக்குப் பத்தாண்டுச் சிறை விதிக்கலாமா?" வகுப்பு முழுவதும் ஒரே குரலில் "கூடாது" என்றது. அவர் புன்னகை புரிந்தார். "அமெரிக்க நாட்டில் விதிக்கலாம். ஏன் என்று படித்துவிட்டு வந்து பேசுங்கள்" என்று கூறிவிட்டுச் சென்றார்.

நூலகத்தில் சில நாட்கள் அமர்ந்து படித்தேன். அன்று "கூடாது" என்று கூவியவர்களுள் நானும் ஒருவன். இன்று அவ்வளவு எளிதாக அவ்விடையைக் கூற என்னால் இயலவில்லை. அதேவேளை, அச்சட்டத்தை அப்படியே போற்றவும் மனம் ஒப்பவில்லை. இரண்டிற்கும் காரணம் உண்டு. அவற்றை மாணவ நண்பர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சட்டம் பிறந்த கதை

1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு நடைமுறையில் இருந்தது. கள்ளச் சாராயத்தோடு கொள்ளைக் கூட்டங்களும் கொழுத்து வளர்ந்தன. 1929 பிப்ரவரி 14 அன்று சிகாகோ நகரில் ஏழு பேர் சுவரோரம் நிறுத்திச் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1933 பிப்ரவரியில் மயாமி நகரில், பதவியேற்கவிருந்த பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டைக் குறிவைத்து ஒருவன் சுட்டான். அவர் தப்பினார், அருகிலிருந்த சிகாகோ மேயர் ஆன்டன் செர்மாக் காயமுற்றுப் பின்னர் உயிர் துறந்தார். நாடே கொதித்தது. அதன் விளைவாக 1934 ஜூன் 26 அன்று 'தேசியத் துப்பாக்கிச் சட்டம்' பிறந்தது.

அச்சட்டம் சிலவகை ஆயுதங்களைத் தனியே பிரித்தது. இயந்திரத் துப்பாக்கி, ஒலியடக்கி ஆகியவற்றோடு, குழல் குறுகிய சிதறுகுண்டுத் துப்பாக்கியும் அவ்வரிசையில் இடம்பெற்றது. ஒரே தோட்டாவிலிருந்து பல ரவைகளைச் சிதறடிக்கும் வேட்டைத் துப்பாக்கியையே 'ஷாட்கன்' என்கிறார்கள். அதன் குழலை அறுத்துக் குறுக்கினால் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு வங்கிக்குள் நுழையலாம். கொள்ளையர் அதைத்தான் செய்தனர். எனவே குழல் 18 அங்குலத்துக்குக் குறைந்தால், அதை அரசிடம் பதிவு செய்தாக வேண்டும். கைமாற்றுவதற்கு 200 டாலர் வரி செலுத்தியாக வேண்டும் என்று விதித்தனர்.

200 டாலர் என்பது அந்நாளில் எளிய தொகையன்று. ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கியின் விலையைப் போலப் பன்மடங்கு அது. வருவாய் திரட்டுவதற்காக விதித்த வரியன்று. வாங்காமல் தடுப்பதற்காக விதித்த வரி என்பது வெளிப்படை. நேராகத் தடை விதித்தால் மைய அரசுக்கு அந்த அதிகாரம் உண்டா என்ற கேள்வி எழும். ஆகவே தடையை வரி என்னும் போர்வைக்குள் மறைத்தார்கள். 1937-இல் உச்ச நீதிமன்றமும் இது வரி விதிக்கும் அதிகாரத்துக்கு உட்பட்டதே என்று ஏற்றுக்கொண்டது.

வீடில்லா வேலி

இங்கே நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 1934-இல் முதலில் வந்த மசோதாவில் கைத்துப்பாக்கிகளும் சேர்க்கப்பட்டிருந்தன. கைத்துப்பாக்கிக்குக் கட்டுப்பாடு வந்தால், நீண்ட துப்பாக்கியை அறுத்துக் கைத்துப்பாக்கி போல் ஆக்கிக்கொள்வார்கள் அல்லவா? அந்த ஓட்டையை அடைக்கவும் குழலின் நீளத்துக்கு அளவு தேவைப்பட்டது. ஆனால் எதிர்ப்பு வலுத்ததால், கைத்துப்பாக்கியை மசோதாவிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஓட்டையை அடைக்க வைத்த விதி மட்டும் அப்படியே நின்றுவிட்டது. வீட்டைக் காக்க வேலி போட்டார்கள்; வீட்டை இடித்த பிறகும் வேலி நிற்கிறது!

இதன் விளைவு என்ன? சட்டைப்பைக்குள் அடங்கும் கைத்துப்பாக்கிக்கு அமெரிக்க மைய அரசிடம் இத்தகைய பதிவு தேவையில்லை. பதினேழு அங்குலக் குழலுடைய சிதறுகுண்டுத் துப்பாக்கிக்கு விரல் ரேகை, புகைப்படம், விண்ணப்பம், ஒப்புதல் அனைத்தும் தேவை. பதிவில்லாமல் வைத்திருந்தால் பத்தாண்டு வரை சிறை. மறைத்து வைப்பதே தீங்கு என்றால், எதை எளிதில் மறைக்கலாம் என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

உரிமையாளருக்குரிய விதிகள்

விதிகளைச் சுருக்கமாகக் கூறினால்தான் சிக்கல் விளங்கும். ஒருவர் தம் துப்பாக்கியின் குழலைக் குறுக்க விரும்பினால், முதலில் 1-ஆம் எண் படிவத்தில் விண்ணப்பித்து, ஒப்புதல் வந்த பிறகே ரம்பத்தைத் தொட வேண்டும். அறுத்துவிட்டு விண்ணப்பித்தால் அதுவே குற்றம். செய்தவரின் பெயர், ஊர், மாநிலம் ஆகியவற்றை உலோகத்தில் பொறிக்க வேண்டும். பிறரிடமிருந்து வாங்குவதானால் 4-ஆம் எண் படிவம். வேறு மாநிலத்துக்குக் கொண்டுசெல்ல முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் பொதுமக்கள் அதை வைத்திருக்கவே இயலாது. மைய அரசின் பதிவு அங்கே கைகொடுக்காது.

அளப்பதிலும் நுணுக்கம் உண்டு. மூடிய நிலையில், தோட்டாவின் அடிப்பாகத்தைத் தாங்கும் முகப்பிலிருந்து குழலின் வாய்வரை அளக்க வேண்டும். குழல்வாயில் நிரந்தரமாகப் பற்றவைத்த பகுதியும் கணக்கில் சேரும். திருகிக் கழற்றக்கூடியது சேராது. வெளியிலிருந்து பார்த்து அளப்பவர் ஏமாந்து போவார்.

இன்னும் வியப்பான ஒன்று. தொழிற்சாலையிலிருந்தே தோள்கட்டை இல்லாமல், பிடி மட்டும் பொருத்தி, 14 அங்குலக் குழலோடு, மொத்த நீளம் 26 அங்குலத்துக்கு மேல் வருமாறு செய்யப்பட்ட துப்பாக்கி இச்சட்டத்துக்குள் வருவதில்லை. 'ஷாட்கன்' என்பது தோளில் வைத்துச் சுடுவது என்று சட்டம் இலக்கணம் வகுத்திருப்பதால், இது ஷாட்கன்னே அன்று என்பது வாதம். அதே துப்பாக்கியில் ஒரு தோள்கட்டையைப் பொருத்திப் பாருங்கள். நீளம் கூடுகிறது, மறைப்பது கடினமாகிறது. ஆனால் அந்த நொடியே அது பதிவு செய்யப்படாத குறுங்குழல் துப்பாக்கி ஆகிவிடுகிறது! பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை என்று இதைச் சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

நீதிமன்றங்கள் கண்ட வழி

1938-இல் ஜாக் மில்லர், பிராங்க் லேட்டன் என்ற இருவர், ஓக்லஹோமாவிலிருந்து ஆர்கன்சாசுக்குப் பதிவில்லாத குறுங்குழல் துப்பாக்கி ஒன்றைக் கொண்டு சென்றதாகப் பிடிபட்டனர். கீழ் நீதிமன்றம் ஆயுதம் ஏந்தும் உரிமையைக் காட்டி வழக்கைத் தள்ளியது. அரசு மேல்முறையீடு செய்தது. உச்ச நீதிமன்றத்தில் அவர்கள் சார்பில் ஒரு வழக்கறிஞரும் தோன்றவில்லை. 1939 மே மாதத்தில் தீர்ப்பு அரசுக்குச் சாதகமாக வந்தது. அதற்கு முந்திய மாதமே மில்லர் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். ஒரு தரப்பு மட்டுமே பேசிய அவ்வழக்கின் தீர்ப்பு பல்லாண்டுகள் ஒரு நாட்டின் உரிமையை வரையறுத்தது என்பதை எண்ணிப் பாருங்கள். 2008-இல் ஆயுத உரிமை தனிமனிதருக்கு உரியதே என்று ஹெல்லர் வழக்கில் தீர்ப்பளித்தபோதும், குறுங்குழல் துப்பாக்கியை அந்நீதிமன்றம் அவ்வுரிமைக்குள் சேர்க்கவில்லை.

1968 ஜனவரியில் ஹேய்ன்ஸ் வழக்கில் மற்றொரு முடிச்சு அவிழ்ந்தது. சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருப்பவனை, "வந்து பதிவு செய்" என்று கட்டாயப்படுத்துவது, தன் குற்றத்தைத் தானே ஒப்புக்கொள்ளச் சொல்வதாகும் என்றது நீதிமன்றம். அவ்வாண்டு இறுதியில் சட்டம் திருத்தப்பட்டது. முப்பது நாள் பொது மன்னிப்பு வழங்கி, அதற்குள் பதிவு செய்யச் சொன்னார்கள். அந்த முப்பது நாட்களோடு கதவு மூடப்பட்டது. இன்று ஒருவர் தம் தாத்தாவின் பரணில் பதிவில்லாத குறுந்துப்பாக்கி ஒன்றைக் கண்டெடுத்தால், நேர்மையாகப் பதிவு செய்து வைத்துக்கொள்ள அவருக்கு வழியில்லை, ஒப்படைக்கத்தான் வேண்டும்.

ஒரு மலையுச்சியில்

சட்டத்தின் நுணுக்கம் ஏட்டோடு நின்றால் பரவாயில்லை. இடாஹோ மாநிலத்தில் ரூபி ரிட்ஜ் என்ற மலைப்பகுதியில் ராண்டி வீவர் என்பவர் வாழ்ந்தார். அவருடைய இனவாதக் கருத்துகளை நாம் ஒருபோதும் ஏற்க மாட்டோம். 1989-இல் அரசின் இரகசிய ஆள் ஒருவரிடம் குழல் அறுத்த இரண்டு துப்பாக்கிகளை அவர் விற்றார். விசாரணைத் தேதி பற்றி அவருக்கு வந்த கடிதத்தில் பிப்ரவரி 20 என்பதற்குப் பதிலாக மார்ச் 20 என்று பிழையாக இருந்தது. அவர் வரவில்லை, பிடியாணை பிறந்தது. 1992 ஆகஸ்டில் முற்றுகை. மூன்று உயிர்கள் போயின. அரசின் காவலர் ஒருவர், வீவரின் பதினான்கு வயது மகன், கைக்குழந்தையை ஏந்தி நின்ற மனைவி. அடுத்த ஆண்டு நடுவர் குழு அவரை ஆயுதக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. 1995-இல் அரசு 31 லட்சம் டாலர் கொடுத்து அக்குடும்பத்தோடு இணக்கம் கண்டது. சில அங்குல இரும்பில் தொடங்கிய வழக்கு மூன்று பிணங்களில் முடிந்தது. காவலரின் குடும்பமும் அழுதது. வீவரின் குடும்பமும் அழுதது.

என் கருத்து

அப்படியானால் இச்சட்டமே வேண்டாமா? வேண்டும் என்பதே என் கருத்து. கொல்லும் கருவி யாரிடம் இருக்கிறது என்பதை அறியும் உரிமை சமுதாயத்துக்கு உண்டு. நம் நாட்டிலும் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, உரிமம் இன்றித் துப்பாக்கியின் குழலைக் குறுக்கக் கூடாது என்கிறது. ஆனால் ஒரு வேறுபாட்டைக் காண வேண்டும். இங்கே துப்பாக்கி வைத்திருப்பதற்கே உரிமம் வேண்டும். குழலைக் குறுக்குவதற்கான கட்டுப்பாடு அதன் தொடர்ச்சி. அங்கேயோ பெரும்பாலான துப்பாக்கிகளுக்கு மைய அரசின் பதிவு இல்லை. அங்குலக் கணக்கில் மட்டும் திடீரென்று சிறைக்கதவு திறக்கிறது.

2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம், 2026 ஜனவரி 1 முதல் குறுங்குழல் துப்பாக்கிக்குரிய 200 டாலர் வரியைச் சுழியம் ஆக்கியது. பதிவும் ஒப்புதலும் சிறைத் தண்டனையும் அப்படியே உள்ளன. வரி என்னும் தூணின் மேல் கட்டிய வீடு இது. தூணை எடுத்துவிட்டுக் கூரையை மட்டும் நிறுத்த முடியுமா என்று அங்கே கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. உண்மையான நோக்கத்தை மறைத்து வேறு பெயரில் சட்டம் இயற்றினால், ஒருநாள் அந்தப் பெயர் கழன்று விழும். நல்ல நோக்கமும் அதோடு சேர்ந்து விழுந்துவிடும்.

ஆகவே மூன்று திருத்தங்களை நான் விரும்புவேன். முதலாவது, பதிவைப் பதிவு என்றே சொல்லிச் சட்டமாக்க வேண்டும். வரிப் போர்வை வேண்டாம். இரண்டாவது, அறியாமல் தவறியவருக்குச் சில நாள் தவணை கொடுத்து, பதிவு செய்யவோ குழலை மாற்றவோ ஒப்படைக்கவோ வழிவிட வேண்டும். அத்தவணைக்குப் பின்னும் மறைப்பவனையே குற்றவாளி எனக் கொள்ள வேண்டும். 1994-இல் ஸ்டேப்பிள்ஸ் வழக்கில், தன்னிடமிருப்பது இயந்திரத் துப்பாக்கியின் தன்மை உடையது என்று அறிந்திருந்ததை அரசு மெய்ப்பிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே கூறியது. அதே நெறியைச் சட்டமும் தன் வாயால் கூறட்டும். மூன்றாவது, கைத்துப்பாக்கியை வெளியே விட்டுவிட்டு வேட்டைத் துப்பாக்கியை அளந்துகொண்டிருக்கும் முரண்பாட்டைக் களைய வேண்டும்.

"சட்டம் தெரியாது என்பது சாக்காகாது" என்று நாம் அனைவரும் படிக்கிறோம். உண்மைதான். ஆனால் அந்த விதிக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. குடிமகன் சட்டத்தை அறிந்திருக்க வேண்டுமானால், அது அறியத்தக்கதாக இருக்க வேண்டும். கற்றவர்களே தடுமாறும் விதியை வைத்துக்கொண்டு பாமரனைச் சிறைக்கு அனுப்புவது நீதியாகாது.

நாளை நம்மில் சிலர் வழக்கறிஞர் ஆகலாம்; சிலர் வட்டாட்சியர் அலுவலகத்தில் உரிமக் கோப்பைப் புரட்டலாம்; ஒருவேளை ஒருவர் சட்டமன்றத்திலும் அமரலாம். அன்று ஒரு விதியை எழுதும்போதோ செயற்படுத்தும்போதோ, அது எதற்காகப் பிறந்தது, அந்தக் காரணம் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்போம்.

எங்கள் பேராசிரியரின் வினாவுக்கு இப்போது என் விடை இதுதான்: அறுத்தவரை அழைத்துக் கேட்கலாம், பதிவு செய்யச் சொல்லலாம், மறுத்தால் தண்டிக்கலாம். அங்குலத்தை மட்டும் அளந்து, மனிதனை அளக்காமல் சிறைக்கு அனுப்பக் கூடாது.