வெற்றுக் காசோலையில் கையெழுத்து வேண்டாம்

வங்கியில் காசோலையைப் போட்டுவிட்டு இரண்டு நாள் காத்திருந்த காலம் போய்விட்டது. 2025 அக்டோபர் 4 முதல் ரிசர்வ் வங்கி நடைமுறைப்படுத்தியுள்ள முறையில், வங்கிக்கு வரும் காசோலைகளின் படம் உடனுக்குடன் பணம் தர வேண்டிய வங்கிக்குப் போகிறது. இரவு 7 மணிக்குள் அந்த வங்கி பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஒப்புக்கொண்டதாகவே கொள்ளப்படும். இழப்பீட்டையோ நெல் விற்ற பணத்தையோ காசோலையாகப் பெறுபவருக்கு இது நல்ல செய்தி.

ஆனால் நம் மக்களில் பலர் காசோலைப் புத்தகம் கேட்டு வாங்குவதே கடன் கொடுப்பவரிடம் கையெழுத்திட்டுக் கொடுக்கத்தான். நிலமோ நகையோ இல்லாதவரிடம் கந்துவட்டிக்காரர் கேட்பது, தேதியும் தொகையும் எழுதாத காசோலை. முன்பு அது வங்கிக்குப் போன செய்தி தெரிந்தால், கைமாற்று வாங்கியாவது கணக்கில் பணம் கட்ட ஒரு நாள் அவகாசம் கிடைக்கும். இனி காலையில் போட்டால் மாலைக்குள் திரும்பிவிடும். வங்கிக் கட்டணமும் நம் தலையில்தான்.

திரும்பிய காசோலைக்கு மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138ஆம் பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம். தொகையை வேறொருவர் எழுதியிருந்தாலும், கையெழுத்து நம்முடையது என்றால் கடன் இருப்பதாகவே சட்டம் அனுமானிக்கும் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. இல்லை என்று காட்டும் பொறுப்பு நம்முடையது.

எனவே வெற்றுக் காசோலை கொடுக்காதீர்கள். கொடுத்திருந்தால் அதன் எண்ணைக் குறித்து வையுங்கள். கடனைத் திருப்பிக் கட்டியதற்கு ரசீது கேளுங்கள். கடன் முடிந்ததும் காசோலையைத் திரும்ப வாங்குங்கள். வக்கீல் நோட்டீஸ் வந்தால் பயந்து ஒதுக்கி வைக்க வேண்டாம். கிடைத்த 15 நாளுக்குள் பணம் கட்டிவிட்டால் இந்தப் பிரிவில் வழக்கு வராது. கடன் இல்லையென்றால் உடனே பதில் அனுப்புங்கள். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். வங்கியின் தவறு என்றால் முதலில் கிளையில் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்வு இல்லையென்றால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

காசோலை வேகமாகிவிட்டது. அதைப் பிணையாகப் பறிக்கும் வழக்கத்தைத் தடுப்பதிலும் அரசு அதே வேகத்தைக் காட்ட வேண்டும். படித்த நம் பிள்ளைகள் இதை வீட்டில் உள்ளவர்களுக்கு இன்றே எடுத்துச் சொல்ல வேண்டும்.