டெல்லி - அல்மாட்டி: மேப்பில் 2 மணி நேரம்தான்... நிஜத்தில் ஏன் இவ்வளவு சுற்று?

டெல்லியிலிருந்து சென்னைக்கு வான்வழியில் சுமார் 1,760 கி.மீ. அதே டெல்லியிலிருந்து கஜகஸ்தானின் அல்மாட்டிக்கு சுமார் 1,640 கி.மீ.தான். ஆமாம், நம்ம சென்னையைவிட அல்மாட்டிதான் டெல்லிக்குப் பக்கம்! இரண்டு நகரங்களும் கிட்டத்தட்ட 77 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில் இருக்கின்றன. மேப்பில் ஸ்கேல் வைத்து நேர் மேலே கோடு போட்டால் அல்மாட்டி வந்துவிடும்.

மணிக்கு 800 கி.மீ. வேகம் என்று வைத்தால், 2 மணி நேரத்தில் போய்விடலாம். ஆனால், நேரடி விமானத்துக்கே 3 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. ஏன்?

முதல் காரணம்: மலை

அந்த நேர்கோட்டில் இமயமலை, காரகோரம், தியென் ஷான் என வரிசையாக மலைகள். நடுவானில் கேபினில் காற்றழுத்தம் குறைந்தால், விமானம் உடனே 10,000 அடிக்கு இறங்கியாக வேண்டும். கீழே 20,000 அடிக்கு மேல் சிகரங்கள் நின்றால் எங்கே இறங்குவது? அதனால்தான் மேற்கே பாகிஸ்தான் வானம் வழியாகச் சுற்றிப் போகிறார்கள்.

இரண்டாவது காரணம்: அனுமதி

ஒரு நாட்டின் வானம் அந்த நாட்டுக்கே சொந்தம் என்கிறது 1944 சிகாகோ ஒப்பந்தம். பஹல்காம் தாக்குதலைத் தொடர்ந்து, 2025 ஏப்ரல் 24-ல் இந்திய விமானங்களுக்குத் தன் வானத்தை மூடியது பாகிஸ்தான். ஏப்ரல் 30-ல் இந்தியாவும் பதிலுக்கு மூடியது. சுற்றுப்பாதையில் போக இருக்கும் விமானங்களால் முடியாது என்று அல்மாட்டி, தாஷ்கண்ட் சேவைகளை இண்டிகோ ரத்து செய்தது. அல்மாட்டி இருந்த இடத்தில்தான் இருக்கிறது. இண்டிகோவின் விமானங்களுக்கு மட்டும் அப்போது எட்டாத தூரமாகிவிட்டது!

சண்டை நடக்கும் நாட்களில் வானத்தை மூடுவது சரிதான். பயணிகளின் உயிர் முக்கியம். ஆனால், மே 10-ல் மோதல் நின்ற பிறகும், இரு நாடுகளும் மாதாமாதம் தடையை நீட்டித்துக்கொண்டே வந்தன. அதே பாகிஸ்தான் வானத்தில் வேற நாட்டு விமானங்கள் பறந்து டெல்லிக்கு வருகின்றன. அப்படியென்றால் இது பாதுகாப்புக் கணக்கு இல்லை, பதிலடிக் கணக்கு.

இதில் யாருக்கு லாபம்? 2019-ல் இதேபோல் மூடியபோது, ஜூலை 2 வரை ஏர் இந்தியாவுக்கு மட்டும் ரூ.491 கோடி இழப்பு என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. தங்களுக்கு 850 கோடி பாகிஸ்தான் ரூபாய் இழப்பு என்றார் அந்த நாட்டு விமானப் போக்குவரத்து அமைச்சர். இருவருக்கும் நஷ்டம்தான். கடைசியில் அந்தச் செலவு வந்து உட்காருவது நம்ம டிக்கெட்டில்.

மத்திய ஆசியாவுக்கு மருத்துவம் படிக்கப் போகும் தமிழ்நாட்டு மாணவர்களுக்கு இது வெறும் மேப் விஷயம் இல்லை. ஒரு நிறுவனம் விலகினால், போட்டி குறையும். லீவுக்கு ஊருக்கு வர, கிடைக்கிற விலைக்கு டிக்கெட் எடுக்க வேண்டியதுதான்.

இரு அரசுகளும் பயணிகள் விமானத்தைப் பதிலடிப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும். முடியாதென்றால், மாதத்துக்கு ஒரு முறை கடைசி நேரத்தில் அறிவிக்காமல், ஒரு சீசனுக்காவது முன்கூட்டியே சொல்லட்டும். டிக்கெட் எடுத்தவர் திட்டமிட வேண்டாமா?

அதுவரை, கூகுளில் வரும் கிலோமீட்டரைப் பார்த்து டிக்கெட் போடாதீங்க. எந்த நாட்டு நிறுவனம், எந்தப் பாதை, நடுவில் எங்காவது இறங்குமா என்று பார்த்துவிட்டு பணம் கட்டுங்க.