காசு வாங்கினவங்க பதில் சொல்லத்தான் வேணும்

"ஒரு கேமுக்கு இவ்வளவு சண்டையா?" விமானம் ஓட்டுற சிமுலேட்டர் கேம்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே யாராவது ஒருத்தர் இப்படிக் கேட்பார். எங்களுடைய பதில்: ஆமா, சண்டை பிடிக்கத்தான் வேணும். ஆனா எதுக்குப் பிடிக்கிறது, எதை விட்டுக்கொடுக்கிறது என்று பிரிச்சுப் பார்க்கணும்.

முதல்ல நடந்ததைச் சொல்லிடுறோம். 2024 நவம்பர் 19ஆம் திகதி 'மைக்ரோசொப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2024' வெளிவந்தது. உருவாக்கியது பிரான்சின் போர்டோ நகரத்து அசோபோ ஸ்டூடியோ. சாதாரணப் பதிப்பு 69.99 டொலர், ஆகக்கூடிய பதிப்பு 199.99 டொலர். வெளிவந்த அன்றைக்கே பலருக்கு லோடிங் 97 வீதத்தில் அப்படியே நின்றுபோனது. உள்ளே போனவர்களிலும் சிலருக்கு காசு குடுத்து வாங்கின விமானங்களைக் காணோம். ஸ்டீம் தளத்தில் விமர்சனங்கள் திட்டுகளாகக் குவிந்தன. அன்றே மைக்ரோசொப்டின் ஜோர்க் நொய்மனும் அசோபோவின் செபாஸ்டியன் வ்லோக்கும் காணொளியில் வந்து காரணம் சொன்னார்கள். 2 லட்சம் பேர் ஒரே நேரத்தில் வருவதுபோல சோதித்துப் பார்த்தோம், ஆனாலும் தரவுகளை எடுத்துக்கொடுக்கும் சேர்வர் பகுதி தாங்கவில்லை என்பதுதான் அதன் சுருக்கம்.

ஒளிச்சு மறைக்காமல் அன்றைக்கே வந்து பேசினது நல்ல விசயம். ஆனா காசு குடுத்தவன் அதோட வாயை மூடணும் என்று அர்த்தமில்லை.

ஏன் சேர்வர் விழுந்தா கேமே விழுது? 2020இல் வந்த முந்தைய பதிப்புக்கு கொம்பியூட்டரில் 150 ஜிபி இடம் கேட்டார்கள். புதியதுக்கு 50 ஜிபி போதும் என்றார்கள். கேட்க சந்தோசம்தான். மிச்ச உலகம் எங்கே போனது? இன்டர்நெட் வழியா, பறக்கப் பறக்க வரும். அதுக்குக் குறைஞ்சது 10 எம்பிபிஎஸ், நல்லா ஓட 50 எம்பிபிஎஸ் வேகம் இருக்கட்டும் என்கிறார்கள். 50 எம்பிபிஎஸ்ஸை ஒரு மணித்தியாலம் முழுசா இழுத்தா 22 ஜிபிக்கு மேல் போகும். கினிகத்தேனை நாட்டிலேயே அதிகம் மழை பெய்யும் இடங்களில் ஒன்று. மழை இறுகினா கரண்ட் போகும், பின்னாலேயே சிக்னலும் போகும். ராத்திரி டேட்டாவை நம்பி விடிய விடிய டவுன்லோட் போடுற பிள்ளைகள் இருக்கிற ஊர் இது. இங்க இருக்கிறவனுக்கு அந்த 'சின்ன சைஸ்' சலுகையே இல்லை. செலவை அவங்க கணக்கிலிருந்து எங்க ரீலோட் கார்டுக்கு மாத்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

விட்டுக்கொடுக்க வேண்டியதும் இருக்கு. முழுப் பூமியையும் செய்யப் போனா பிழை வரும். 2020 பதிப்பில் மெல்பர்ன் நகரத்தின் சாதாரண குடியிருப்புப் பகுதியில் 212 மாடிக் கட்டடம் ஒன்று வானத்தை முட்டிக்கொண்டு நின்றது. ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்கிற பொது வரைபடத்தில் யாரோ 2 மாடிக்குப் பதிலாக 212 என்று தட்டியதால் வந்த வினை. உலகமே சிரித்தது, பிறகு திருத்தினார்கள். நாளைக்கு எங்க லயத்தை ஐரோப்பிய பங்களாவாகக் காட்டினாலும் நாங்கள் கோபிக்க மாட்டோம். அந்த வரைபடத்தில் யாரும் எழுதலாம், லயத்தை நாமே போய்க் குறிக்கலாம்.

விடக்கூடாதது எது? 2020இல் ஸ்டீமில் வாங்கியவர்களுக்கு கேமைத் திறந்த பிறகுதான் பெரிய டவுன்லோடே ஆரம்பித்தது. ஸ்டீமில் காசைத் திருப்பிக் கேட்க 2 மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருக்க வேணும். டவுன்லோட் ஆகிற நேரமும் விளையாடிய நேரமாக எண்ணப்பட்டது. லைன் மெதுவா உள்ளவன் ஒரு ரன்வேயைக்கூடப் பார்க்க முன்னமே அவனுடைய 2 மணித்தியாலம் முடிஞ்சிடும்.

இன்னும் மோசமானது 2018இல் நடந்தது. ஃப்ளைட் சிம் லேப்ஸ் என்ற கொம்பனி, தான் விற்ற ஏ320 விமானத்தின் இன்ஸ்டோலருக்குள்ளே குரோம் பிரவுசரின் பாஸ்வேர்ட்களை உருவி எடுக்கும் கோப்பொன்றை வைத்திருந்தது. திருட்டுக் கொப்பி பாவிக்கிறவனைப் பிடிக்கத்தான் என்றார்கள். ஆனா ஒழுங்காகக் காசு குடுத்தவன் கொம்பியூட்டருக்கும் அந்தக் கோப்பு போனது. கண்டுபிடித்தது வாங்கினவர்கள்தான். அவர்கள் விடாமல் சத்தம் போட்ட பிறகுதான் கோப்பை எடுத்துவிட்டு புது இன்ஸ்டோலர் போட்டார்கள். 'சின்ன கொம்பனி, பாவம்' என்று எல்லோரும் பேசாமல் இருந்திருந்தால்?

அதுக்காக டெவலப்பரின் குடும்பத்தை இழுத்துத் திட்டுவதை நாங்கள் ஏற்கவில்லை. வெளியீட்டுத் திகதியையும் விலையையும் முடிவெடுப்பது, ராத்திரி முழிச்சுக் கோட் எழுதுறவர் இல்லை. அவரைக் கேவலப்படுத்தினா சேர்வர் எழும்பி நிற்கப் போறதும் இல்லை. கேட்க வேண்டியதைத் தெளிவாகக் கேட்கணும்: ஒரு பகுதியை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளும் வசதி 2020 பதிப்பில் இருந்தது, அதுபோல ஒன்றை முதல் நாளே தாங்க. எவ்வளவு டேட்டா போகும் என்று விலைக்குப் பக்கத்திலேயே எழுதுங்க. ஓடாவிட்டால் காசைத் திருப்புங்க.

எங்க பக்கத்தில் 'கெடைச்சதே பெருசு' என்ற பேச்சு ஒன்று இருக்கு. சம்பளம், ரோடு, பஸ் என்று எல்லாத்துக்கும் அதையே சொல்லிச் சொல்லி வாயடைச்சுப் போனவர்கள் நிறையப் பேர். கேம் சின்ன விசயம்தான். ஆனா வாங்கின பொருளைப் பற்றி, விற்றவனிடம், மரியாதையாகவும் விடாமலும் கேட்கிற பழக்கம் சின்ன விசயத்தில் வராவிட்டால் பெரிய விசயத்தில் திடீரென்று வராது.