கிணறு எமது, ஊற்று ஊரினது

யாழ்ப்பாணத்துக் காணி உறுதியொன்றை எடுத்துப் படிப்போர், பரப்பையும் எல்லைகளையும் கூறிய பின்னர், கிணற்றிற் பங்கும் வழி வாய்க்கால் உரித்தும் எழுதப்பட்டிருக்கக் காண்பர். ஆறில்லாத மண்ணில் கிணறு எத்துணைப் பெருஞ் சொத்து என்பதை எமது முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். இறைப்பு முறை குறித்து அண்ணனும் தம்பியும் நீதிமன்றம் ஏறியதுண்டு. வேலியை ஒரு முழம் நகர்த்தியதற்காகத் தலைமுறை தலைமுறையாக வழக்காடியோரும் உண்டு. ஆனால் அந்த வேலிக்குக் கீழே, எவருடைய எல்லைக்கும் கட்டுப்படாது பரந்து கிடக்கும் நீர் கெட்டுவருவது குறித்து நம்மில் எத்தனை பேர் கவலை கொண்டோம்?

குடாநாட்டின் நிலத்தடி, கடலடியிற் படிந்து உருவான சுண்ணாம்புக் கற்பாறை. மழைநீர் காற்றிலும் மண்ணிலுமுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மென் அமிலமாகி, இப்பாறையை அரித்து உட்செல்கின்றது. எமது கிணற்று நீர் வன்னீராயிருப்பதும், கேத்தலின் அடியில் வெண்படை பிடிப்பதும் இதனாலேயே. இஃது இயற்கையின் செயல். இதற்கு எவரும் குற்றவாளியல்லர். ஆயின் நீர் அரித்த பாறை வெடிப்பும் குகையும் நிறைந்தது. மேலே கொட்டியது எதுவாயினும் வடிகட்டப்படாமலே விரைந்து கீழிறங்கும்.

இந்த நன்னீரும் உவர்நீரின் மேல் மிதக்கும் மெல்லிய படையேயாகும். கடல் மட்டத்திற்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், மட்டத்திற்குக் கீழ் ஏறத்தாழ நாற்பது அடி நன்னீர் நிற்கும் என்பது அறிஞர் கணக்கு. அதே கணக்கின்படி, மேலே ஓரடியை இழப்போமாயின் கீழிருந்து நாற்பது அடிக்கு உவர் மேலெழக்கூடும். மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் கொண்ட நிலாவரைக் கிணறு இவ்வுண்மைக்கு நாளும் சாட்சி சொல்லி நிற்கின்றது. துலாவும் பட்டையும் இருந்த காலத்தில் மனிதனின் தோள்வலியே இறைப்புக்கு வரம்பு விதித்தது. இயந்திரம் வந்தபின் அந்த வரம்பு நீங்கியது. பிறிதொரு வரம்பை நாம் வகுக்கவில்லை.

பசளையின் கதையும் அதுவே. பூவரசங்குழை தாழ்த்தியும் ஆடுமாடு கட்டியும் செம்மண்ணை வளப்படுத்திய கமக்காரன், 1962 இல் பசளை மானியம் தொடங்கிய பின்னர் யூரியா மூடைக்குப் பழக்கப்படுத்தப்பட்டான். 1970 முதல் 1977 வரை இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட காலத்தில் எமது மிளகாயும் வெங்காயமும் நாட்டுக்கு உணவாயின. அந்த உழைப்பை எவரும் இழித்துரைக்க வேண்டா. ஆனால் பயிர் உண்டது போக எஞ்சிய நைதரசன் மாரி மழையோடு நைத்திரேற்றாகக் கிணற்றுக்குள் இறங்கியது. நெருக்கமாக வீடுகள் எழுந்த இடங்களில் மலசலகூடக் குழிகளும் அதே பாறைக்குள் அதே நஞ்சை இறக்கின.

உவர் நாவுக்குத் தெரியும். எண்ணெய் கண்ணுக்குத் தெரியும். நைத்திரேற்றுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை, சுவையுமில்லை. கொதிக்கவைத்தாலும் அது நீங்காது. நீர் வற்ற வற்றச் செறிவு மிகும். இலீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. அதற்கு மேற்பட்ட நீரிற் பால்மா கரைத்து ஊட்டப்படும் கைக்குழந்தையின் குருதி, உயிர்வாயுவைச் சுமக்கும் வலிமை குன்றி, உடல் நீலம் பாரிக்கும் ஆபத்து உண்டு. வலிகாமத்துத் தோட்டக் கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை 1980களிலேயே ஆய்வாளர் எடுத்துரைத்தனர். அன்று பிறந்த குழந்தைகள் இன்று பெற்றோராகிவிட்டனர். இன்னும் நாம் அதே நீரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கின்றோம்!

சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்தபோது ஊர் திரண்டது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2019 ஏப்பிரல் 4ஆம் நாள் வழங்கப்பட்ட தீர்ப்பில், மின் உற்பத்தி செய்த தனியார் கம்பனி 2 கோடி ரூபா செலுத்த வேண்டுமென நீதிமன்றம் பணித்தது. மாசுபடுத்தியவனே ஈடு செய்தல் வேண்டும் என்ற நெறி எமது மண்ணில் நிலைநாட்டப்பட்டதை வரவேற்கின்றோம். ஆனால் அவ்வழக்கைத் தொடுத்தவர் தென்னிலங்கைச் சுற்றாடல் ஆர்வலர் ஒருவர் என்பதை நன்றியோடும் சிறிது வெட்கத்தோடும் நினைவுகூர்கின்றோம். எல்லை வழக்குகளுக்குக் குறைவில்லாத எமது ஊர்களில், ஊற்றுக்காக வழக்காட வெளியூரார் வர வேண்டியிருந்தது.

எண்ணெய்க்கு ஓர் உடைமையாளன் இருந்தான். எதிராளி என அவனை மன்றில் நிறுத்த முடிந்தது. நைத்திரேற்றுக்கும் உவருக்கும் யாரை நிறுத்துவது? இரண்டு பரப்பில் வெங்காயம் நட்டுக் கடனில் வாழும் கமக்காரனையா? கிணற்றுக்கு அணித்தே குழி வெட்டிய வைத்தியரையா, வழக்கறிஞரையா, ஆசிரியரையா? வாதியும் பிரதிவாதியும் ஒருவரேயாகும் வழக்கில் நீதிமன்றத் தீர்ப்பு போதாது. ஊர் ஒன்றுகூடி வகுக்கும் ஒழுங்கே வேண்டும்.

ஒழுங்கென்று நாம் கூறுவது தடையை அன்று. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே அடியாகத் தடுத்த அரசாங்கம், விளைச்சல் வீழ்ந்து கமக்காரர் வீதிக்கு வந்தபின், அவ்வாண்டு நவம்பரிலேயே பின்வாங்கியது. மண்ணையும் நீரையும் அளந்து பாராது கொழும்பிலிருந்து பிறக்கும் கட்டளையின் கதி அதுவேயாம். அதற்காக, அளவின்றி இடுவதும் நியாயமாகிவிடாது.

கமக்காரருக்கு ஒரு கணக்கை முன்வைக்கின்றோம். 50 மில்லிகிராம் நைத்திரேற்றுள்ள கிணற்றிலிருந்து பத்து இலட்சம் இலீற்றர் நீரை இறைப்பவர், ஏறத்தாழ அரை மூடை யூரியாவிலுள்ள நைதரசனை அந்நீரோடு சேர்த்தே தோட்டத்துக்குப் பாய்ச்சுகின்றார். அதைக் கழிக்காமல் முழு மூடையை வாங்குவோர் பணத்தையும் இழந்து தம் கிணற்றையும் கெடுத்துக்கொள்கின்றனர். கிணற்றைச் சோதிப்பித்து, பசளையைக் குறைத்துப் பகுதி பகுதியாக இடுதல் கமக்காரனுக்கே ஆதாயம்.

2025 மே மாதம் தெரிவான பிரதேச சபைகளிடம் நாம் கோருவன இவை: ஒவ்வொரு வட்டாரத்திலும் குறித்த கிணறுகளை மாரி முடிவிலும் கோடை முடிவிலும் சோதித்து, முடிவை எல்லோரும் படிக்கத் தமிழில் வெளியிடுக. அளவு மீறிய கிணற்று நீரைக் குழந்தைப் பாலுக்குப் பயன்படுத்தலாகாதெனத் தாய்மாருக்கு நேரிற் கூறுக. புதிய வீடுகளுக்கு அடைப்புள்ள மலக்குழியைக் கட்டாயமாக்கி, கழிவை அகற்றிச் சுத்திகரிக்க வசதி செய்க. குப்பையாலும் ஆக்கிரமிப்பாலும் தூர்ந்த குளங்களை மீட்டு மாரிநீரைத் தேக்குக.

அரசாங்கத்தையும் விட்டுவிடோம். சுற்றாடலைப் பாதுகாத்தல் அரசின் கடமையென அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரை கூறுகின்றது. கடல்நீரேரிகளை நன்னீராக்க 1954 இல் பொறியியலாளர் ஆறுமுகம் வகுத்த ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ திட்டம் இன்னும் முழுமை பெறவில்லை. 2024 இல் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. அது குடத்தை நிரப்பும். தோட்டத்துக் கிணற்றைக் குணப்படுத்தாது. தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் உள்ள தடுப்பணைகளைச் செவ்வனே பேணி, ஆறுமுகம் திட்டத்தை நிறைவேற்றுதல் அரசு தீர்க்க வேண்டிய பழங்கடன்.

அதே அரசியலமைப்பின் 28ஆம் உறுப்புரை, இயற்கையைப் பாதுகாத்தல் ஒவ்வோர் ஆளினதும் கடமை என்கின்றது. உரிமையைக் கேட்டு முழங்கும் நாம் கடமையின் வரியையும் படித்தல் வேண்டும். உறுதியில் எழுதிய பங்கு கிணற்றிலே. எழுதாத பங்கு ஊற்றிலே. பிரிக்க முடியாத அந்தச் சொத்தைப் பழுதுபடாது பிள்ளைகளிடம் ஒப்படைப்பதற்கு, இவ்வாண்டு மாரி முடிந்ததும் ஊருக்கு ஊர் கிணறுகளைச் சோதிக்கும் பணி தொடங்கட்டும்!