மாடிப்படியைக் கண்டாலே நடுங்கும் செல்லம்... இழுக்காமல் ஏற்றுவது எப்படி?

2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலையும் சென்னைவாசிகள் மறந்திருக்க முடியாது. பல பகுதிகளில் தரைத்தளம் தண்ணீரில் நின்றது. மக்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறினார்கள். மின்சாரம் இல்லாததால் லிஃப்ட் ஓடவில்லை. அப்படி ஒரு நேரத்தில், 20 கிலோ எடையுள்ள உங்கள் நாய் முதல் படியைப் பார்த்ததுமே நான்கு கால்களையும் ஊன்றிக்கொண்டு நகர மறுத்தால் என்ன செய்வீர்கள்?

வெள்ளம் வரை போக வேண்டாம். லிஃப்ட் ரிப்பேர், மின்வெட்டு, வீடு மாறுவது என்று படி ஏற வேண்டிய நாள் எல்லோருக்கும் வரும். அந்த நாளில் அவசர அவசரமாகக் கற்றுக்கொடுக்க முடியாது. ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன்பே தினமும் பத்து நிமிடம் ஒதுக்கினால் முடியும். அதற்கான வழிகளைத்தான் இந்த வாரம் பார்க்கப்போகிறோம்.

படியில் அப்படி என்ன பயம்?

நமக்குப் படி என்பது கண்ணை மூடிக்கொண்டு ஏறுகிற சமாசாரம். நாயின் கண் உயரத்திலிருந்து பார்த்தால் அது அடுக்கி வைத்த சுவர். ஏறும்போது முன்னங்கால்கள் ஒரு படியிலும் பின்னங்கால்கள் வேறு படியிலும் இருக்கும். பின்னால் இருக்கும் கால் எங்கே போகிறது என்று அதற்குத் தெரியாது. இறங்குவது இன்னும் சிரமம். நாயின் உடல் எடையில் பாதிக்கு மேல் முன்னங்கால்கள்தான் தாங்குகின்றன. தலை கீழ்நோக்கிச் சாயும்போது மொத்த எடையும் முன்னால் சரிவதுபோல இருக்கும். அதனால்தான் தைரியமாக ஏறிவிட்டு, மேலே நின்று இறங்க முடியாமல் அழும் நாய்களைப் பார்க்கிறோம்.

நாய்க்குட்டி பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய 14-வது வாரம் வரை பார்க்கும் பொருள்களும் இடங்களும்தான் பிற்பாடு அதற்குச் 'சாதாரணம்' என்று மனதில் பதியும். தெருவில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, பிறகு வீட்டுக்கு வந்த நாய் அந்த வயதில் படிக்கட்டையே பார்த்திருக்காது. அது பிடிவாதம் பிடிக்கவில்லை. புதிதாக ஒன்றைப் பார்த்துப் பயப்படுகிறது, அவ்வளவுதான்.

பயிற்சிக்கு முன் டாக்டர்

நேற்றுவரை படியேறிய நாய் இன்று மறுத்தால் அதைப் பயம் என்று நினைத்துவிடாதீர்கள். அது பெரும்பாலும் வலி. லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற பெரிய இனங்களுக்கு இடுப்பு மூட்டுப் பிரச்னை வரும். நீளமான முதுகுள்ள டாஷ்ஹண்டுக்கு முதுகெலும்புத் தட்டு விலகும் ஆபத்து அதிகம். வயதான நாய்க்கு மூட்டுத் தேய்மானமோ கண்புரையோ இருக்கலாம். வலியில் இருக்கும் நாய்க்குப் பயிற்சி கொடுப்பது அதைத் துன்புறுத்துவதுபோலத்தான். எனவே முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டி, 'படியேறலாம்' என்று அவர் சொன்ன பிறகு ஆரம்பியுங்கள்.

குட்டிகளுக்கும் ஓர் எச்சரிக்கை. நார்வேயில் பெரிய இன நாய்க்குட்டிகளைத் தொடர்ந்து கவனித்து 2012-ல் வெளியிட்ட ஆய்வில், பிறந்ததிலிருந்து மூன்று மாதம் வரை தினமும் படிகளில் நடந்த குட்டிகளுக்கு இடுப்பு மூட்டுப் பிரச்னை வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது தெரிய வந்தது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட பெரிய இனக் குட்டி என்றால் தூக்கிக்கொண்டே போங்கள். பாடமெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

படிக்கட்டையும் தயார் செய்யுங்கள்

நம் அடுக்குமாடிகளில் பெரும்பாலும் கிரானைட் அல்லது மார்பிள் படிகள். பார்க்கப் பளபளப்பாக இருக்கும். நாயின் பாதத்துக்கு அது சறுக்குமரம். ஒருமுறை வழுக்கினால் அந்த நினைவு லேசில் போகாது. படிகளில் வழுக்காத டேப் ஒட்டலாம். பொதுப் படிக்கட்டு என்றால், பயிற்சி நேரத்துக்கு மட்டும் அடிப்பக்கம் ரப்பர் உள்ள மிதியடிகளை முதல் சில படிகளில் போட்டு, முடிந்ததும் எடுத்துவிடுங்கள். மிதியடி நகராமல் இருக்கிறதா என்று முதலில் நீங்கள் மிதித்துப் பாருங்கள்.

நாயின் நகங்கள் நீண்டிருந்தால் வெட்டிவிடுங்கள். விரல்களுக்கு நடுவே முடி மண்டியிருந்தால் கத்தரித்துவிடுங்கள். படி ஈரமாக இருக்கக் கூடாது. விளக்கு எரியட்டும். கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்பைச் சுற்றிக் கட்டும் ஹார்னஸ் போடுங்கள். பட்டையில் இழுத்தால் கழுத்து நெரியும், பயம் இன்னும் கூடும்.

நூறு வருடத்துக்கு முந்தைய வைத்தியம்

இந்தப் பயிற்சிக்கு அடிப்படையான யோசனை ஒரு குழந்தையிடமிருந்து வந்தது. அமெரிக்க உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ் 1924-ல் பீட்டர் என்ற சிறுவனைப் பற்றி எழுதினார். மூன்று வயதுகூட நிறையாத அவனுக்கு முயலைக் கண்டால் அப்படி ஒரு பயம். அவனுக்குப் பிடித்ததைச் சாப்பிடக் கொடுத்துவிட்டு, முயலைக் கூண்டோடு தூரத்தில் வைத்தார்கள். அவன் சாப்பிடுவதை நிறுத்தாத அளவுக்கு மட்டும், கொஞ்சம் கொஞ்சமாக அருகே கொண்டுவந்தார்கள். கடைசியில் பீட்டர் அதே முயலைத் தன் விரலைக் கொறிக்க விட்டான்.

இதில் கவனிக்க வேண்டியது, 'சாப்பிடுவதை நிறுத்தாத அளவுக்கு' என்பதுதான். உங்கள் நாய்க்கும் அதே அளவுகோல். வேகவைத்த சிக்கனை நீட்டியும் முகத்தைத் திருப்பிக்கொண்டால், படிக்கு ரொம்பப் பக்கத்தில் நிற்கிறீர்கள் என்று அர்த்தம். நாலடி பின்னால் வாருங்கள்.

ஏறும் பாடம்

உப்பு, மசாலா சேர்க்காமல் வேகவைத்த சிக்கன், முட்டை, பனீர் இவற்றில் ஒன்றைச் சுண்டைக்காய் அளவுக்கு நறுக்கிக்கொள்ளுங்கள். சாக்லேட், திராட்சை, வெங்காயம் சேர்ந்த எதுவும் கூடாது. இவை நாய்க்கு நஞ்சு. சாப்பாட்டுக்கு முன், லேசாகப் பசி இருக்கும் நேரமே பயிற்சிக்கு நல்லது.

முதல் பாடத்தை மாடிப்படியில் வைக்காதீர்கள். வீட்டு வாசலிலோ பூங்காவிலோ அகலமான, உயரம் குறைந்த இரண்டு மூன்று படிகள் இருந்தால் அங்கே தொடங்குங்கள்.

* முதலில் படிக்குப் பக்கத்தில் நின்று சாப்பிடட்டும். ஏற்ற வேண்டாம்.

* அடுத்து, முதல் படியின் மேல் ஒரு துண்டை வையுங்கள். கழுத்தை நீட்டி எடுத்தாலும் பரவாயில்லை. பிறகு துண்டைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வையுங்கள். முன்னங்கால் ஒன்றைத் தூக்கி வைத்தால் பாராட்டுங்கள். உடனே கீழே வர நினைத்தால் வரட்டும். திரும்பிப் போக வழி இருக்கிறது என்று தெரிந்த நாய்தான் மறுபடி ஏறிப் பார்க்கும்.

* நான்கு கால்களும் ஏறிவிட்டால் அன்றைக்கு அது போதும். மறுநாள் இரண்டு படி. ஒவ்வொரு படியிலும் ஒரு துண்டு.

தின்பண்டத்தை நாயின் மூக்குக்கு மேலே தூக்கிக் காட்டாதீர்கள். தலை நிமிர்ந்தால் அது கால் வைக்கும் இடத்தைப் பார்க்காது. படியிலேயே வைத்தால்தான் கண்ணும் மூக்கும் படியைப் பழகும்.

இறங்கும் பாடம்

மாடி உச்சியிலிருந்து ஆரம்பிப்பதுதான் பலரும் செய்வது. கீழே பார்த்தால் கிணறு மாதிரித் தெரியும். பாதியில் நின்றுவிட்டால் ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. அதனால் இறங்கும் பாடத்தைத் தரைக்குப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். ஒரு படி ஏறவைத்து, அதே ஒரு படி இறங்கட்டும். பிறகு இரண்டு ஏறி இரண்டு இறங்கட்டும். சின்ன நாய் என்றால் தூக்கிக் கடைசிப் படியில் விடலாம். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு படிதான் சேரும். மீதியெல்லாம் அதற்கு ஏற்கெனவே தெரிந்த பாதை. தரை பக்கத்திலேயே தெரிவதால் தைரியமும் வரும்.

நாய்க்கும் சுவருக்கும் நடுவே நெருக்காமல், பக்கவாட்டில் ஒரு படி கீழே நில்லுங்கள். தாவி ஓடிக் கீழே வந்தால் தைரியம் வந்துவிட்டது என்று சந்தோஷப்பட வேண்டாம். சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்ற பயத்திலும் நாய்கள் அப்படி ஓடும். ஒவ்வொரு படியிலும் நின்று தின்னவைத்தால் வேகம் தானாகக் குறையும்.

சீனுவும் முழங்கால் வலியும்

என் தோழி வேளச்சேரியில் இரண்டாவது மாடியில் அம்மாவுடன் இருக்கிறாள். தெருவிலிருந்து எடுத்து வந்த சீனுவுக்கு ஒன்றரை வயது, 18 கிலோ. லிஃப்ட் உள்ள வீடு என்பதால் படியைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. ஒருநாள் லிஃப்ட் பழுதாகி, சரிசெய்ய ஐந்து நாள் ஆனது. தோழி காலையும் மாலையும் சீனுவைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். அவள் ஆபீஸில் இருக்கும் நேரத்தில் சீனு வீட்டுக்குள்ளேயே அசிங்கம் செய்ய, அம்மாவால் சுத்தம் செய்து மாளவில்லை. மூன்றாவது நாள் அம்மா, "என்னால முடியலடி. யாராவது தனி வீட்டுக்காரங்க கேட்டா கொடுத்துடு" என்று சொல்லிவிட்டார்.

லிஃப்ட் சரியானதும் தோழி பயிற்சியை ஆரம்பித்தாள். ஒரு வாரத்தில் சீனு நான்கு படி பழகியது. எட்டாவது நாள் மேலே இருந்து பிள்ளைகள் தடதடவென்று ஓடிவர, மிரண்டுபோய் மறுபடி முதல் படிக்கே பக்கத்தில் வரவில்லை. தோழிக்கு ஆபீஸுக்கு நேரமாகிறது என்ற அவசரம் வேறு. அந்த அவசரம் சீனுவுக்கும் புரிந்தது.

பாடத்தை எடுத்துக்கொண்டது அம்மாதான். அவருக்கு முழங்கால் வலி. ஒரு படி ஏறினால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று, மூச்சு வாங்கிவிட்டுத்தான் அடுத்த படி. மதியம் படிக்கட்டில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் சீனுவை அழைத்துக்கொண்டு போய் உட்காருவார். "மெதுவா வாடா, எனக்கும்தான் முடியல" என்று பேசிக்கொண்டே ஒரு துண்டு முட்டையை வைப்பார். வரவில்லை என்றால் பேசாமல் உட்கார்ந்திருப்பார். அவர் வேகமே சீனுவுக்குத் தேவையான வேகமாக இருந்தது. ஐந்தாவது வாரம் இருவரும் இரண்டு மாடி ஏறிவிட்டார்கள். இப்போது யாராவது சீனுவைக் கேட்டால் அம்மா கொடுப்பாரா என்று தோழியிடம் கேட்டேன். "என்னைக் கொடுத்தாலும் கொடுப்பாங்க, அவனைக் கொடுக்க மாட்டாங்க" என்றாள்.

இவற்றைச் செய்யாதீர்கள்

இழுப்பது, பின்னாலிருந்து தள்ளுவது, திட்டுவது, நடுப்படியில் தனியே விட்டுவிட்டு 'தானா வரும்' என்று காத்திருப்பது... இவை எல்லாம் படியோடு சேர்த்து உங்களையும் பயப்பட வைக்கும். உதட்டை அடிக்கடி நக்குவது, தூக்கம் வராமலே கொட்டாவி விடுவது, வாலைக் கால்களுக்கு நடுவே செருகுவது, கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்ப்பது... இவை 'போதும்' என்று அது சொல்லும் பாஷை. உடனே நிறுத்திவிடுங்கள். ஒருமுறைக்கு ஐந்து நிமிடம், நாளுக்கு இரண்டு முறை போதும். சுலபமாகச் செய்யும் படியோடு முடித்தால், மறுநாள் சந்தோஷமாக வரும். இத்தனைக்குப் பிறகும் படி இருக்கும் பக்கமே வர மறுத்தால், மருத்துவரிடம் சொல்லி அனுபவமுள்ள பயிற்சியாளரின் உதவியைக் கேளுங்கள்.

இன்னொன்று. நாய் படி பழகிவிட்டது என்பதற்காக, 'இனி லிஃப்டில் ஏற்றாதீர்கள்' என்று குடியிருப்போர் சங்கம் சொல்ல முடியாது. செல்லப்பிராணிகளை லிஃப்டில் அழைத்துச் செல்வதைத் தடுக்கக் கூடாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. வயதான நாய்க்கும் மூட்டு வலி உள்ள நாய்க்கும் லிஃப்ட் தேவை.

சில நாய்கள் நான்கே நாளில் கற்றுக்கொள்ளும். சில நாய்களுக்கு இரண்டு மாதம் ஆகும். நாள்காட்டியைப் பார்க்காதீர்கள். இன்று முதல் படியில் ஒரு துண்டு சிக்கனை வைத்துவிட்டு, பக்கத்தில் சும்மா உட்காருங்கள். மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது.

(அடுத்த வாரம்: குளியலறைப் பக்கம் போனாலே கட்டிலுக்கு அடியில் ஒளியும் செல்லத்தை என்ன செய்வது?)