தோட்டம் போனால் பெயர் எதற்கு?

பிரான்சின் போர்தோ நகரை ஒட்டிய பெசாக்கில் வீடுகளும் சாலைகளும் நாலாபுறமும் நெருக்க, நடுவில் ஐம்பது ஹெக்டேர் அளவுக்கு ஒரு திராட்சைத் தோட்டம் நிற்கிறது. கூழாங்கல் நிறைந்த மண். அதில் மெர்லோ, கேபர்னே கொடிகள். ஷத்தோ ஓ-பிரியோன் என்ற சிவப்பு ஒயின் பிறக்கும் இடம் அது. 1855இல் போர்தோ ஒயின்களைத் தரம் பிரித்தபோது முதல் வரிசையில் வைக்கப்பட்ட நான்கில் இதுவும் ஒன்று. பக்கத்து ஊரான மெரினியாக்கில் விமான நிலையமே வந்துவிட்டது. அந்த வட்டாரத்தில் எத்தனையோ தோட்டங்கள் வீட்டுமனைகளாகிவிட்டன. தப்பிய சிலவற்றில் இதுவும் ஒன்று.

பெங்களூர் சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட்டில் அப்பா காலத்திலிருந்து பழக்கடை வைத்திருக்கிறோம். நான் ஒயின் குடிப்பவன் அல்ல. அந்தத் தோட்டம் தப்பியதுதான் எனக்கு முக்கியம். எங்கள் கடைக்கு வரும் பெங்களூர் ப்ளூ திராட்சை விளைகிற தேவனஹள்ளி, தொட்டபள்ளாபுரா, சிக்கபள்ளாபுரா பக்கமும் இதே நெருக்கடிதான்.

கருநீலத் தோல், உள்ளே கொட்டை, கூடை திறந்ததும் கடை முழுக்க வாசம். ஜூஸ் போடுகிறவர்கள் வேறு எதையும் வாங்க மாட்டார்கள். 2013இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் குறியீடு காப்பது பெயரைத்தான், நிலத்தை அல்ல. 2008இல் தேவனஹள்ளியில் விமான நிலையம் திறந்தபின் நிலத்தின் விலை எங்கோ போய்விட்டது. ஆழ்துளைக் கிணறோ ஆயிரம் அடிக்கும் கீழே போக வேண்டியிருக்கிறது. எங்களுக்குப் பழம் கொடுத்துவந்த ஒரு குடும்பம் தோட்டத்தை விற்றுவிட்டது. பந்தலைத் தாங்கிய கல்தூண்கள் இப்போது ஒரு லேஅவுட்டுக்கு வேலி.

இந்த மண்ணில் நல்ல ஒயினும் விளையும் என்று காட்டியவர் கன்வல் குரோவர். நந்தி மலை அடிவாரத்தில் 1988இல் அவர் தொடங்கிய நிறுவனத்துக்கு, 1990களின் நடுவில் போர்தோவிலிருந்து மிஷேல் ரோலான் ஆலோசகராக வந்தார். கேபர்னே, ஷிராஸ் கலந்த லா ரிசர்வ் அங்கேதான் உருவானது. பிரெஞ்சு நிபுணரை வரவழைத்தோம். விளைநிலத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் போற்றுகிற விதத்தை மட்டும் ஏன் விட்டுவிட்டோம்? அங்கே 1935 முதல் எந்த ஊர் மண்ணில் விளைந்தது, எந்த ரகம் என்பதைச் சட்டமே வரையறுக்கிறது. பெசாக் வட்டாரத்தில் எஞ்சிய தோட்டங்களுக்கு 1987இல் பெசாக்-லியோன்யான் என்று தனி அடையாளமும் கொடுத்தார்கள்.

ஓ-பிரியோன் ஒரு பாட்டில் பல ஆயிரம் ரூபாய்க்குப் போகிறது. அந்த விலையே தோட்டத்துக்கு அரண். கிலோ கணக்கில் விற்கும் நம் திராட்சைக்கு அந்த அரண் கிடையாது. அதனால்தான் அரசு வர வேண்டும்.

தேவனஹள்ளி தாலுகாவின் சன்னராயபட்டணா ஹோப்ளி விவசாயிகள் மூன்று ஆண்டுகளுக்கு மேல் போராடியதால், 2025 ஜூலையில் 1,777 ஏக்கர் கையகப்படுத்தலை அரசு கைவிட்டது. அது அவர்கள் வென்றெடுத்தது. அந்தக் கிராமங்களோடு இது நின்றுவிடக் கூடாது. பெங்களூர் ப்ளூ விளையும் நிலம் முழுவதையும் நிரந்தர விவசாய மண்டலமாக்க வேண்டும். கொடியை வைத்திருக்கிற விவசாயிக்குத் தண்ணீரும் கட்டுப்படியாகும் விலையும் கிடைக்க வேண்டும். அதுவரை, சீசனில் இந்தத் திராட்சையைக் கேட்டு வாங்குங்கள்.